ஹம்ஸாவின் வீட்டில் ஒரு விசாரணை

போன வாரம் எர்ணாகுளத்திலிருந்து படகேறி ஓர் இளைஞர் என்னைத் தேடி மட்டாஞ்சேரிக்கு வந்தார். அவர் வேலை பார்த்த சேவை நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடை நின்றுபோய்ப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். எல்லோருக்கும் சைக்ளோஸ்டைல் செய்த ஒரே தாள். பெயர் எழுத விட்ட இடத்தில் மட்டும் பேனா.

"உங்க காலத்திலயும் இப்படித்தானா சார்?" என்று கேட்டார்.

‘உங்க காலம்’ என்றதும் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. கேரளத்தில் ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள். தலையில் பாதி கறுப்பு இருக்கும்போதே ஒருவனுக்குக் ‘காலம்’ வந்துவிடுகிறது.

"எங்க காலத்தில் வீட்டுக்கே வந்து சொல்வார்கள்" என்றேன்.

அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ‘எவ்வளவு மனிதாபிமானம்’ என்றபடி நான்கு மணிப் படகுக்குப் போய்விட்டார். மனிதாபிமானம் எந்த இடத்தில் எப்படி வேலை செய்தது என்று விளக்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவன். அப்படிப்பட்டவனுக்கு அன்று இரண்டு வழிகள் இருந்தன. வாத்தியாராகலாம், அல்லது வாத்தியார் வேலை கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு திரியலாம். இரண்டாவதில் சில வருடங்கள் நல்ல தேர்ச்சி பெற்றபின், எழுபதுகளின் தொடக்கத்தில், பஜார் சாலையில் இருந்த ஒரு நிவாரணச் சங்கத்தில் சேர்ந்தேன். கடல் தாண்டிய ஒரு குளிர்நாட்டு மக்கள் பணமும் பால்பொடியும் கோதுமை மாவும் அனுப்புவார்கள். வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகள் வள்ளத்தில் மட்டாஞ்சேரிக்கு வரும். ஏழைக் குடும்பங்களைக் கண்டுபிடித்து நாங்கள் கொடுப்போம்.

அலுவலகம் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் மாடியில் இருந்தது. கீழே மூட்டையைப் புரட்டினால் மேலே எல்லோருக்கும் கண்ணில் நீர் வழியும். நன்கொடை நாட்டிலிருந்து பார்வையிட வருகிறவர்கள் நாங்கள் கலங்கிய கண்களோடு நிற்பதைப் பார்த்து உருகிப்போவார்கள். அவர்கள் கண்ணும் கலங்கும். காரணம் மிளகு என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

என் பதவிக்கு ‘விசிட்டர்’ என்று பெயர். வீடு வீடாகப் போய், இந்தக் குடும்பத்துக்குப் பால்பொடி தரலாமா, ஏற்கெனவே தருவதை நிறுத்தலாமா என்று விசாரிக்க வேண்டும். விசிட்டர்கள் இரண்டு பேர். நான் ஒருவன், ஹம்ஸா இன்னொருவன். ஹம்ஸா என்னிடம் தமிழ் பேசுவதாக நம்பினான். நான் அவனிடம் மலையாளம் பேசுவதாக நம்பினேன். உண்மையில் இருவரும் ஒரே மொழியைத்தான் பேசினோம். அதற்குப் பெயர்தான் இல்லை.

எங்கள் செயலாளர் கோஷி சார். பட்டாளத்தில் தளவாடப் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். குரல் உயர்த்த மாட்டார். நாற்காலியில் சாய மாட்டார். சங்கத்தின் விதிகளில் பாதி அச்சில் இருந்தன. மீதிப் பாதி கோஷி சாரிடம் இருந்தது, அதைத்தான் நாங்கள் பின்பற்றினோம்.

விசாரணைக்குப் போனால் வீட்டு ஆணை முதலில் வெளியே அனுப்பிவிட வேண்டும். "ஆண்பிள்ளை மானத்துக்காகப் பொய் சொல்லும், சாமீ. அடுக்களை பொய் சொல்லில்லா" என்பார். எங்களைப் போன்ற தமிழ்ப் பிராமணர்களை அந்த ஊரில் சாமி என்பார்கள், கொஞ்சம் கேலி தேவைப்பட்டால் பட்டர் என்பார்கள். எனக்கு இரண்டும் பழக்கம். ஆண் வெளியே போனதும், வாசல் கதவு திறந்திருக்க, அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்து வீட்டுப் பெண்ணிடம் பேச வேண்டும். பானை மூடியைத் திறந்து பார்க்கலாம், ஆனால் கேட்டுவிட்டுத் திறக்க வேண்டும். யார் சம்பாதிக்கிறார்கள், ஒரே அடுப்பா தனி அடுப்பா என்று கேட்க வேண்டும். தனி அடுப்பு என்றால் தனிக் குடும்பம். அண்ணன் தம்பி ஒரே கூரைக்குக் கீழ் இருந்தாலும் அதுதான் கணக்கு. அடுக்களையில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது, வீட்டு ஆணிடம்கூட. விசாரித்தவன் சொல்வதே கடைசி வார்த்தை. கோஷி சார்கூட மாற்ற மாட்டார்.

உதவி உண்டு என்றால் யார் வழியாகவும் சொல்லி அனுப்பலாம். இல்லை என்றால் முடிவு செய்தவனே வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். காரணமும் சொல்ல வேண்டும். முக்கியமாக, அவர்கள் தரும் சாயாவைக் குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

"ஒருத்தன் வீட்டுச் சாயா குடிச்சு சுகமா இருந்திட்டு, பின்ன அவன் குட்டிகளோட பாலை நிறுத்தறதா? அது மரியாதையில்லா" என்பார் கோஷி சார். "முதல்ல சொல்லணும். சொன்ன பிறகும் அவங்க சாயா தந்தா, கிளாஸ் காலியாகற வரை உக்காரணும். ஓடக்கூடாது. சீத்த கேக்க உண்டெங்கில் கேக்கணும்." சீத்த என்றால் திட்டு. நான் கேட்ட சீத்தயையெல்லாம் தொகுத்தால் மலையாள அகராதிக்கு ஒரு நல்ல பிற்சேர்க்கை ஆகும்.

இந்த வழக்கம் சந்துகளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. சங்கத்து ஆள் சாயா வேண்டாம் என்றால் பால்பொடி நின்றது என்று அர்த்தம். ஒரு தடவை ஒரு வீட்டுக்கு, மகனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்துவிட்டதால் இனி இல்லை என்று சொல்லப் போனேன். அந்த அம்மாள் சந்து முனையிலேயே கிளாசோடு நின்றாள்.

"குடிக்கு சாமீ. முதல்ல குடிக்கு, பின்ன பேசலாம்."

"முதல்ல நான் சொல்றதைக் கேளுங்கோ."

"ஒண்ணும் கேக்கல்ல. குடிக்கு. ஆறிப்போகும்."

கிளாஸ் என் மூக்குக்கு நேரே வந்தது. நடுத்தெருவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், கிளாசைப் பார்த்தாள். தானே அதை ஒரே மடக்கில் குடித்தாள். "இனி உள்ள வா. உனக்கு வேற போடறேன்" என்றாள். போட்டாள். அந்தக் கிளாஸ் காலியாவதற்குள் என் குலம் கோத்திரம் முழுவதும் காலியாகிவிட்டது.

எழுபதுகள் முடிந்து சில வருடங்களில் வேறொரு கண்டத்தில் பெரும் பஞ்சம் வந்தது. எங்கள் நன்கொடையாளர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். தபாலில் வந்த புகைப்படங்களை நானும் பார்த்தேன். என்னை விசாரணைக்கு அனுப்பியிருந்தால் நானும் அவர்களுக்குத்தான் எழுதிக் கொடுத்திருப்பேன். எங்களுக்கு வந்த உத்தரவு, சங்கத்தைச் சுருக்கி நடத்தச் சொன்னது. பால் காய்ச்சிக் கொடுத்த கூடம் மூடப்பட்டது. டைப்பிஸ்டும் கிடங்குக்காரரும் போனார்கள். கோஷி சார் ஒவ்வொருவர் வீட்டுக்கும் குடையோடு நடந்துபோய், நின்றுகொண்டே சொல்லி, பிறகு உட்கார்ந்து பால் விடாத கட்டன் சாயா குடித்துவிட்டு வந்தார்.

கடைசியில் விசிட்டர் வேலை ஒன்றுதான் மிச்சம். ஹம்ஸாவா, நானா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோவில் வாசல் பூக்கடையில் துளசி வாங்கிக்கொண்டு திரும்பினால் எங்கள் வாசலில் கோஷி சாரின் செருப்பு. உள்ளே நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். என் மனைவி ஜானகி காபி கொண்டுவந்தாள். பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம், எங்கள் வீட்டுக் காபியில் பாலுக்குக் குறை இருக்காது.

கோஷி சார் கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம் ஜானகியம்மா."

ஜானகி என்னைப் பார்த்தாள். நான் டம்ளரைப் பார்த்தேன். நான் எத்தனையோ வீடுகளில் செய்ததை இப்போது என் வீட்டில் செய்கிறார்! உதவி மறுக்கப்பட்ட வீட்டுக்காரன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பற்றி எனக்கு நிறைய அபிப்பிராயங்கள் இருந்தன. கெஞ்சாதவர்களை நான் எப்போதும் மதித்து வந்திருக்கிறேன். எனவே அவர் வாயைத் திறக்குமுன் நான் திறந்தேன்.

"சார், நீங்க சிரமப்படவே வேண்டாம். ஹம்ஸாவே இருக்கட்டும். அவனுக்கு மூணு பெண். எனக்கு ஒரு பையன்தான், அவனும் படிச்சுடுவான். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மனப்பூர்வமாச் சொல்றேன்."

இன்னும் சில வாக்கியங்கள் சொன்னேன். தியாகம் என்ற சொல்லைக்கூடப் பயன்படுத்தினேன் என்று ஜானகி பின்னாளில் பலமுறை நினைவூட்டியிருக்கிறாள்.

கோஷி சார் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆலோசிச்சுத்தானே சாமீ?"

"நன்னா ஆலோசிச்சுத்தான் சார்."

"தெய்வம் காத்தது. எனக்குத் தீருமானிக்க முடியல்ல. ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணு. முதல்ல சாமிகிட்ட கேக்கலாம், பின்ன ஹம்ஸாகிட்ட கேக்கலாம்னு இறங்கினேன். கேக்கும் முன்னயே மறுமொழி கிட்டி."

என் காதில் ஏதோ ஒரு படகு சங்கு ஊதியது போல இருந்தது. "அப்ப... காபி?"

"பெரிய நோம்பு அல்லே? ஈஸ்டர் வரைக்கும் அம்பது நாள் பால் தொடமாட்டேன்."

இத்தனை வருடமாக இது எனக்குத் தெரியாமல் போனதற்கு ஒரு நியாயம் உண்டு. அலுவலகத்தில் அவர் குடிப்பது எப்போதும் கட்டன்தான். நாங்கள் போகும் வீடுகளிலும் கட்டன்தான், பால் இல்லாத வீடுகளுக்குத்தானே போகிறோம். அவர் பாலை மறுக்கும்படியான வசதியுள்ள வீடு எங்களுடையதுதான்.

அடுக்களையிலிருந்து ஜானகியின் குரல் வந்தது. "பால் விடாத ஒரு காபி கொண்டுவரட்டுமா சார்? இவர் குடுத்தது போக ஆத்துல அது மட்டும் மிச்சம் இருக்கு."

மறுநாள் பஜார் சாலை முழுவதும் நான் மகாத்மாவாக இருந்தேன். கொப்பரைக் கடைக்காரர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். ஒருவன் மட்டும் கோபமாக இருந்தான். ஹம்ஸா மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தான்.

"ஆரு கேட்டது உங்க தர்மம்?"

"தர்மம் இல்லை ஹம்ஸா..."

"பின்ன என்ன? நான் வாங்கற ஆளா, கொடுக்கற ஆளா? சொல்லுங்க. இத்தனை வருஷம் மனுஷங்களுக்கு நான் கொடுத்தேன். எனக்கு ஒரு பட்டர் வேலையைத் தானமாத் தர்றதா?"

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லேன்."

"வேண்டாம்னு நான் சொன்னா நீங்க சொன்னதுக்கு நான் காப்பியடிச்ச மாதிரி ஆகும்." அவன் கோஷி சார் பக்கம் திரும்பினான். "சாரே, விசாரிக்காம நாம ஆருக்காவது கொடுத்திருக்கோமா? என் வீட்டுக்கு விசாரணை வரட்டும். முறைப்படி. தேறினா வேலை எனக்கு. இல்லேன்னா சாமிக்கு. தானம் வேண்டா."

கோஷி சார் குடையைச் சுவரில் சாத்தினார். "பறயுன்னது ஞாயம்" என்றார்.

ஒருவர் வீட்டை இன்னொரு விசிட்டர்தான் விசாரிக்க வேண்டும். அந்த இன்னொரு விசிட்டர் உலகத்தில் நான் ஒருவன்தான்.

வியாழக்கிழமை போனேன். ஹம்ஸா வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றான். ஊருக்கெல்லாம் செய்ததைத் தனக்கும் செய்ய வேண்டும் என்று, நான் சொல்லாமலே சந்துக்கு இறங்கிப்போய் எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டான். வாசல் கதவு திறந்திருந்தது. நான் அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்தேன். அவன் மனைவி நபீசா தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்தாள். கடைசிக் குழந்தை அவள் மடியில் மரக்கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தது.

"வீட்டில் யார் யார்..." என்று ஆரம்பித்தேன்.

"சாமீ, அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் ஒண்ணு சொல்லட்டே? இவரைப் பாஸாக்க வேண்டா."

"என்ன?"

"மெல்லப் பேசுங்க. இவரோட அனியன் கல்ஃபிலிருந்து விசா சரியாக்கி அயச்சிட்டான். மூணு மாசமா இவரு போகல்ல. கேட்டா ஆபீசு, ஆபீசு. என்ன ஆபீசு? பால்பொடிதானே? மூணு பெண்ணுங்க சாமீ. இந்தச் சம்பளத்துல மூத்தவளையே கட்டிக் குடுத்து இறக்கி விட முடியாது. ஆபீசு இருக்கற வரைக்கும் இவரு இந்தச் சந்தைத் தாண்ட மாட்டாரு."

"இதை நீங்களே ஹம்ஸாகிட்ட சொல்லலாமே?"

"சொன்னா, என்னை விரட்டறியா நபீசான்னு கேப்பாரு. ஆயுசு முழுக்க நான் விரட்டினவளா இருக்கணும்." குழந்தையிடமிருந்து கரண்டியைப் பிடுங்கினாள். "நீங்க விரட்டுங்க. உங்களுக்கு அது ஜோலிதானே?"

நான் விதிகளை மனதுக்குள் ஓட்டிப்பார்த்தேன். அனியன் என்றால் தம்பி. அவனுக்குத் தனி அடுப்பு. ஆகவே அச்சடித்த விதிப்படி ஹம்ஸா தேறிவிட்டான். ஆனால் அடுக்களை பேசிவிட்டால் அதற்குமேல் விசாரணை கிடையாது என்பது அச்சில் இல்லாத விதி. அடுக்களை பேசிவிட்டது. நான் உதறியெறிந்த வேலை திரும்பி வந்து என் மடியில் உட்கார்ந்திருந்தது. எழுந்திருக்கக்கூட முடியவில்லை.

பானை மூடி எதையும் திறக்காமல் வெளியே வந்தேன்.

"ஹம்ஸா, தேறலை."

அவன் சுவரிலிருந்து முதுகை எடுத்தான். "காரணம்?"

"சொல்ல மாட்டேன்."

"அனியனைச் சொல்றீங்களா? அவனுக்கு வேற அடுப்பு. உள்ள போய்ப் பாருங்க, இருக்கு."

"தெரியும்."

"பின்ன?"

"சொல்ல மாட்டேன் ஹம்ஸா."

காரணம் சொல்லாமல் ஒரு குடும்பத்தை நான் நிறுத்தியது அந்த ஒரு தடவைதான். அவன் சட்டை முதுகில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டான்.

"அப்ப வேலை உங்களுக்கு."

"அப்படித்தான் ஆகிறது."

"ம்" என்றான். "உள்ள வாங்க. சாயா குடிக்காம போகக்கூடாதில்லே."

போனேன். நபீசா கொண்டுவந்து வைத்தாள். கரண்டி நிற்கும் அளவுக்குச் சர்க்கரை போட்டிருந்தாள். அவளால் அப்போது சொல்ல முடிந்த நன்றி அவ்வளவுதான். நான் திட்டுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். ஹம்ஸா திட்டவில்லை. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை எதிரே கைகட்டி உட்கார்ந்திருந்தான். அந்தச் சந்து அம்மாளிடம் வாங்கிய சீத்த எவ்வளவு சுகமானது என்று அப்போது தெரிந்தது.

மாதம் முடிவதற்குள் ஹம்ஸா பம்பாய் வழியாகக் கல்ஃபுக்குப் போனான். அதற்குள் பஜார் சாலை என்னைப் பற்றிய அபிப்பிராயத்தைத் திருத்திக்கொண்டது. "முதல்ல வேண்டாம்னு நடிச்சான். பின்ன விசாரணைன்னு போய் இருந்த வேலையைப் பறிச்சான். பட்டரோட புத்தி!" கொப்பரைக் கடைக்காரர் நான் கடந்து போகும்போது கொப்பரையைக் கவனமாக எண்ணத் தொடங்கினார். நான் செய்யாத தியாகத்துக்கு மூன்று நாள் வணக்கம் வாங்கியிருந்தேன். செய்யாத திருட்டுக்கு எத்தனை வருடம் என்று அப்போது தெரியவில்லை.

கோஷி சார் ஒன்றும் கேட்கவில்லை. விசாரித்தவன் வார்த்தை கடைசி வார்த்தை. ஆனால் கொஞ்ச காலம் என்னிடம் பேசும்போது மேஜையைப் பார்த்துப் பேசினார்.

ஜானகி கேட்டாள். "குழாயடியில என் காதுபடவே சொல்றா. அப்படி என்னதான் நடந்தது அங்கே?"

"அடுக்களைப் பேச்சு. வெளியே சொல்லக்கூடாது."

"நம்மாத்து அடுக்களையும் வெளிதானா?"

குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். வேலை என்று ஒன்று இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து ஹம்ஸா விடுமுறையில் வந்தான். கையில் ஒரு பெரிய டேப் ரிக்கார்டர், சட்டையில் தெரு முனைவரை கேட்கும் அத்தர். நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். ஜானகி முகத்தைச் சுளிக்காமல் காபி கொடுத்தாள். குடித்து முடித்து, அவள் உள்ளே போனபின் சொன்னான்.

"நபீசா சொல்லிட்டா சாமீ. நான் பம்பாய்க்கு வண்டி ஏறும் முன்னயே சொல்லிட்டா."

"ஏறும் முன்னயேவா? ரெண்டு வருஷமா உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப தெருவில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஹம்ஸா!"

"எப்படிச் சொல்றது? கெட்டியவள் தள்ளிவிட்டதால போனவன்னு என்னைச் சொல்லுவாங்க. பைசாவுக்கு ஆளை அயச்சவள்னு அவளைச் சொல்லுவாங்க. பட்டர் பறிச்சான்னா குழப்பமே இல்ல. எல்லார்க்கும் அது பிடிச்சிருக்கு."

"எனக்கு?"

"உங்களுக்கு வேலை இருந்தது அல்லே?" என்றான், நியாயமாக. பிறகு குரலைத் தாழ்த்தினான். "சாமீ, கடைசிப் பெண்ணோட நிக்காஹ் வரைக்கும் இது இப்படியே இருக்கட்டே. பெண்ணு பார்க்க வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க, வாப்பா எதுக்கு ஊரை விட்டுப் போனாருன்னு. உங்க பேரைச் சொன்னா உடனே தலையாட்டறாங்க."

யோசித்துப் பார்த்தேன். முதல் தடவை அவன் கேட்காததைக் கொடுக்கப் போய் அடிவாங்கினேன். இப்போது அவனே கேட்கிறான். "இருக்கட்டும்" என்றேன்.

அதன்பிறகு சங்கத்துக்கு வந்த பணம் வருடா வருடம் மெலிந்தது. நானும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாகவே ஓய்வு பெற்றோம். கோஷி சார் வீட்டுக்கு வந்து முறைப்படி நின்றுகொண்டு சொன்னார். அது நோன்புக் காலமில்லை, காபியைப் பாலோடு குடித்தார்.

கடைசிப் பெண்ணின் நிக்காஹ் போன மாதம் நடந்தது. ஹம்ஸா விடுமுறையில் வந்திருந்தான். நபீசா எனக்கென்று தனிப் பாத்திரத்தில் நெய்ச்சோறும் பருப்பும் செய்து வைத்திருந்தாள். ஹம்ஸாவே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தான். இலையில் கைவைத்ததும் பின்னாலிருந்து இரண்டு குரல்கள்.

"இது அந்தப் பட்டரில்லே? எந்த முகத்தோட வந்து உக்காந்திருக்கான்!"

"தானா வந்தவனில்ல, விளிச்சது ஹம்ஸாவாக்கும். அவன் மனசு அத்தனை பெரிசு."

ஹம்ஸாவுக்கும் அது கேட்டது. பருப்பு வாளியோடு என் பக்கம் குனிந்தான். "சாமீ, வாக்குத் தீர்ந்தது. இனி நீங்க ஆர்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம்." நிமிர்ந்து பின்வரிசையைப் பார்த்தான். மாப்பிள்ளை வீட்டார் அப்போதுதான் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். மறுபடியும் குனிந்தான். "இன்னிக்கு மட்டும் வேண்டா."

நெய்ச்சோறு இன்னொரு கரண்டி போடச் சொன்னேன்.